சாந்தோமை விட்டுவிடுங்கள்!
'சாந்தோம் அந்நியப் பெயர், மாற்ற வேண்டும்' என்று யாராவது கிளம்பினால், பரங்கிமலையை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேளுங்கள்.

சாந்தோம், 'புனித தோமா' என்பதன் போர்ச்சுக்கீசிய வடிவம். 1523 வாக்கில் அவர்கள் இங்கே சர்ச் கட்டியபோது ஒட்டிக்கொண்டது. ஆப்பிரிக்கா பக்கம் இதே பெயரில் ஒரு தீவு இருக்கிறது. 1975-ல் சுதந்திரம் வாங்கியும் பெயரை மாற்றவில்லை. கேரளத்துத் தொம்மன், நம்மூர் தோமையார், இங்கிலீஷ் தாமஸ் எல்லாம் ஒரே பெயர்தான். அராமிக் மொழியில் 'இரட்டைப் பிள்ளை' என்று அர்த்தம்.

சரி, பரங்கி? ஐரோப்பியரைக் குறிக்கும் பாரசீகச் சொல். அது மட்டும் தமிழாகிவிட்டதாம்! பரங்கிக்காய்கூட அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். சாம்பாரில் போட்டால் யாராவது பாஸ்போர்ட் கேட்கிறோமா?

ஐந்நூறு வருஷம் நாக்கில் புரண்ட பெயர் நம்முடையதுதான் ஸார். போர்டை மாற்றலாம், ஆட்டோக்காரரிடம் 'சாந்தோம்' என்று சொன்னால்தான் வண்டி கிளம்பும்.