வெட்டினாற் கிழியாதாம்!

பிள்ளைப்பேற்று அறையில் நடப்பதைப் பத்திரிகையில் எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் நம்மிற் பலருண்டு. முகஞ்சுளித்துக்கொண்டே அவர்கள் இதனைப் படித்து முடிக்கட்டும். வெட்டப்படுவது நம் மனைவியரின் உடல். நம் புதல்வியரின் உடல். அதைப்பற்றிப் பேச வெட்கப்படுகின்றவர்கள், அதனை வெட்டுகின்றவர்களைக் காரணங் கேட்கவும் வெட்கப்பட்டே தீருவார்கள்.

குழந்தையின் தலை வெளிவருந் தறுவாயில், பெண்குறி வாய்க்கும் மலவாய்க்கும் இடையிலுள்ள சதையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுப் பிறகு தைப்பதுண்டு. எபிஸியாட்டமி என்பது அதற்கு டாக்டர்கள் வழங்கும் பெயர். பெயர் அறியாத தாய்மாரும் தையலின் வலியை அறிவார்கள். இவ்வெட்டு கூடவே கூடாதென்பது நம் வாதமன்று. குழந்தையின் இருதயத் துடிப்பு தளர்ந்து, அதனை உடனே வெளியே எடுத்தாக வேண்டுமாயின் வெட்டத்தான் வேண்டும். ஆயுதமிட்டு எடுக்கும் பிரசவங்களிலும் வேண்டியிருக்கலாம். அங்கே கத்தரிக்கோல் உயிர் காக்கும். நாம் எதிர்ப்பது, அவசரமொன்றும் இல்லாதபோதும், வழக்கம் என்ற ஒரே காரணத்திற்காக வந்தவரையெல்லாம் வெட்டுவதையேயாகும்.

இவ்வழக்கம் வந்த வழியைப் பார்ப்போம். 1742இல் டப்ளின் நகரத்துப் பிரசவ வைத்தியர் பீல்டிங் ஓல்ட் என்பார் இதனைக் குறித்தெழுதியபோது, மிக நெருக்கடியான பிரசவத்திற்கே இதனைச் சொன்னார். அதனை எல்லோர்க்கும் பொதுவாக்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர் சிக்காகோ டாக்டர் ஜோசப் டிலீ. பிரசவத்தை இயற்கைக் காரியமென்று எண்ணுவது தவறு, அது பெரும்பாலும் நோய்த்தன்மை வாய்ந்ததே என்று 1920இல் அவர் ஒரு கட்டுரையில் வாதித்தார். தாய்க்கு மயக்கங் கொடுத்து, சதையை வெட்டி, ஆயுதத்தால் பிள்ளையை எடுப்பதே தற்காப்பு என்றார். வெட்டினாற் தாறுமாறாய்க் கிழியாது, நேரான வெட்டு எளிதில் ஆறும், பிற்காலத்திற் கருப்பை இறங்காது, சிறுநீர் அடங்காமை வாராது என்றெல்லாம் அவ்வெட்டுக்கு வரங்கள் அடுக்கப்பட்டன. தாயத்து விற்பவன்கூட ஒரே தாயத்துக்கு இத்தனை பலன் சொல்லக் கூசுவான்!

பலன்கள் சொல்லப்பட்டனவேயன்றி, மெய்தானா என்று முறையாகச் சோதிக்கப்படவில்லை. அவ்வாறே அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1979இல் அமெரிக்காவில் வயிறு கிழிக்காமற் பிள்ளை பெற்ற தாய்மாருள் நூற்றுக்கு 61 பேர் வெட்டப்பட்டார்கள். 1983இல் தேக்கர், பாண்டா என்னும் இருவர், 1860 முதல் 1980 வரை இதைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றையெல்லாம் திரட்டி ஆராய்ந்து, சொல்லப்பட்ட நன்மைகளுக்குத் தக்க ஆதாரமில்லை என்று வெளியிட்டார்கள். மதத்தின் பெயரால் இவ்வளவு காலம் இப்படியொன்று நடந்திருந்தால், அதனை நாம் மூடப்பழக்கம் என்றிருப்போம். வெள்ளை அங்கி அணிந்து வந்ததனால் சாஸ்திரம் என்று வணங்கினோம்.

இனிச் சோதனைகளைப் பார்ப்போம். சீட்டுக் குலுக்குவதுபோலத் தாய்மாரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் தாராளமாக வெட்டுவது, மற்றொன்றில் தேவை நேர்ந்தாலன்றி வெட்டாதிருப்பது, பிறகு இரண்டையும் ஒப்பிடுவது, இதுவே முறை. இங்கிலாந்தில் ரெடிங் நகரில் 1,000 தாய்மாரிடம் இதனை நடத்தி 1984இல் முடிவு கூறியவர், பெரிய புரொபஸர் அல்லர். ஜெனிபர் ஸ்லீப் என்னும் மருத்துவச்சி. வெட்டு குறைந்த பிரிவில் குழந்தைகளுக்குக் கேடு மிகவில்லை. தாய்மாருக்கு வலியும் மிகவில்லை. மூன்று ஆண்டு கழித்து விசாரித்தபோது, சிறுநீர் அடங்காமையிலும் இரு பிரிவுக்கும் வேற்றுமை காணப்படவில்லை.

அர்ஜெண்டினாவில் எட்டு ஆஸ்பத்திரிகளில் 2,606 தாய்மாரிடம் நடந்த சோதனை 1993இல் வெளிவந்தது. ஒரு பிரிவில் நூற்றுக்கு 83 பேரும், மற்றதில் 30 பேரும் வெட்டப்பட்டனர். கொடிய கிழிசல் முன்னதில் நூற்றுக்கு 1.5, பின்னதில் 1.2. வெட்டாதோரிடம் முன்புறத்தில் சிறு கிழிசல்கள் சற்று மிகுந்திருந்தது மெய். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வலி, தையல் விடுதல், புண் ஆறாமை ஆகியன வெட்டுண்டவர்களுக்கே அதிகம். கானடாவில் மொன்றியால் நகரத்துச் சோதனையோ 1992இலேயே வழக்கத்தின் முகத்திரையைக் கிழித்தது. அங்கே வெட்டு மலவாயை நோக்கி நேராகப் போடப்படுவது. மலவாய்த் தசைவரை கிழிந்தவர்கள் 53 பேர்; அவர்களுள் 52 பேர் வெட்டப்பட்டவர்கள்! ஜவுளிக்கடைக்காரன் துணியைக் கிழிக்குமுன் ஓரத்திற் சிறிது கத்தரித்துக்கொள்வது எதற்கென்று அறிந்த எவருக்கும் இதில் வியப்பிராது.

அம்மொன்றியால் சோதனையின் மற்றொரு செய்தி இன்னுங் கசப்பானது. வெட்டில் மிக்க நம்பிக்கையுள்ள டாக்டர்கள், வெட்டாதிருக்க வேண்டிய பிரிவில் வந்த தாய்மாரையும் வெட்டினார்கள். குழந்தைக்கு ஆபத்து, சதை இடங்கொடாது என்று பிறரைவிட அடிக்கடி கண்டவர்களும் அவர்களே. கையிலே கத்தரி இருந்தால் கண்ணிலே ஆபத்து தோன்றும் போலும். தைக்கும்போது கூடுதலாய் ஒரு தையல் போட்டு வாயிலை இறுக்கி, அது கணவனுக்காக என்று வேடிக்கை பேசிய டாக்டர்களும் மேல்நாடுகளில் இருந்திருக்கின்றனர். அவ்வேடிக்கையின் வலியை ஆயுள் முழுதும் அனுபவிப்பவள் சிரிக்கவில்லை.

அமெரிக்காவில் நூற்றுக்கு 61 ஆயிருந்தது, 2012இல் 12 ஆயிற்று. இடையில் அந்நாட்டுப் பெண்களின் உடலமைப்பு மாறிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2018இல், வழக்கமாகவோ தாராளமாகவோ வெட்டுவதைச் சிபாரிசு செய்வதற்கில்லை என்று கூறிவிட்டது. வெந்நீரில் நனைத்த துணியை அவ்விடத்தில் ஒத்திவைப்பது கொடிய கிழிசலைக் குறைக்கும் என்றும் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதற்குக் கத்தரி வேண்டாம். பொறுமையும் ஒரு பாத்திரம் வெந்நீரும் போதும்.

ஆதலின் தாய்மாரே, கர்ப்ப காலப் பரிசோதனைக்குப் போகும்போதே கேளுங்கள். வலி வந்தபின் கேட்க இயலாது. என்னைக் கேளாமல் வெட்டுவீர்களா? இங்கே நூற்றுக்கு எத்தனை பேரை வெட்டுகின்றீர்கள்? கணவன்மாரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திராமல் உடன் சென்று கேட்கட்டும். அந்த எண்ணைப் பிரசவ வார்டின் வாயிலில் எழுதி மாட்டும்படி ஒவ்வோர் ஆஸ்பத்திரியையும் நாம் கோருவோம். பார்வை நேரத்தை எழுதி மாட்ட இடமுள்ள சுவரில் இதற்கும் இடமிருக்கும்.