விடை யாருக்கு வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுமையாகப் படியுங்கள்.

"இதுக்கெல்லாம் இப்ப ஆப் இருக்கு சார், எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்?" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். எண் குறுக்கெழுத்துப் புதிர் எதைப் போட்டாலும் இரண்டு நிமிடத்தில் நாலைந்து பேரிடமிருந்து முழு விடையும் வந்துவிடுகிறது. எல்லாம் போனில் படம் பிடித்துச் செயலியில் வாங்கிய விடை. அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் இன்ஜினியர்கள்!

நான் கேட்பது ஒன்றுதான். அந்த விடையை வைத்து என்ன செய்வீர்கள்? நிலத்தை அளந்தால் விடை வேண்டும், வட்டி பார்த்தால் விடை வேண்டும். காக்குரோ புதிரின் விடையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் செக்காலை ரோட்டில் ஒரு டீ கிடைக்குமா? உலகத்தில் யாருக்கும் அந்த விடை தேவையில்லை. அந்தப் புதிரில் மதிப்புள்ளது அங்கே போய்ச் சேரும் வழி மட்டும்தான். வழியைத் தூக்கி எறிந்துவிட்டு விடையை வாங்குகிறவர், பலாப்பழத்தை விட்டுவிட்டுத் தோலைச் சுமந்து வருகிறவர்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காக்குரோ என்பது எழுத்துக்குப் பதிலாக எண்களை நிரப்பும் குறுக்கெழுத்து. அமெரிக்கப் புதிர் இதழ்களில் 'குறுக்குக் கூட்டல்' என்ற பொருள்படும் பெயரில் வந்தது. 1980-களில் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் அதைப் பரப்பியது. 2005-இல் இங்கிலாந்து நாளிதழ்களுக்கு வந்து, உலகம் முழுக்கப் போயிற்று. விதி இவ்வளவுதான்: 1 முதல் 9 வரை எண்களைப் போட வேண்டும். ஒவ்வொரு வரிசையும் கொடுத்த கூட்டுத்தொகைக்கு வர வேண்டும். ஒரே வரிசையில் ஓர் எண் இரண்டு முறை வரக் கூடாது.

"எனக்குக் கணக்கு வராதே" என்பவர்களுக்கு: ஒரு வரிசையின் மிகப் பெரிய கூட்டுத்தொகையே 45தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வரும் கூட்டல் உங்களுக்கு வராதா?

இரண்டு கட்டம், கூட்டுத்தொகை 4. இரண்டும் இரண்டும் போட முடியாது, எனவே 1, 3. அதைக் குறுக்கே வெட்டும் இரண்டு கட்டத்தின் கூட்டுத்தொகை 3. அங்கே 1, 2. இரண்டுக்கும் பொதுவான கட்டத்தில் 1 தவிர எதுவும் உட்காராது. இங்கே ஊகத்துக்கு வேலையே இல்லை, நிரூபணம்தான். ஒழுங்காகச் செய்த புதிருக்கு விடை ஒன்றே ஒன்று.

கடினமான புதிர்களில் இன்னொரு வழி இருக்கிறது. மூன்று குறுக்கு வரிசைகளின் தொகை 15, 20, 19. மொத்தம் 54. அதே கட்டங்களையும், கூடுதலாக ஒரே ஒரு கட்டத்தையும் மூடுகிற நெடுக்கு வரிசைகளின் மொத்தம் 61. அப்படியானால் அந்த ஒற்றைக் கட்டத்தில் 7. மற்ற கட்டம் ஒன்றுகூடத் தெரியாமலே இது தெரிந்துவிடுகிறது!

இது ஜப்பான்காரர் வித்தை மட்டும் என்று நினைக்காதீர்கள். குறுக்கே கூட்டியதும் நெடுக்கே கூட்டியதும் ஒத்துவர வேண்டும் என்பது நம் ஊர்க் கணக்கின் உயிர்நாடி. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த செட்டியார் கடைகளுக்குப் பெட்டியடிப் பையனாகப் போன சிறுவர்கள் பழகிய பாடம் அது. ஐந்தொகை ஒத்துவராவிட்டால் எங்கே பிசகு என்று தேடத்தான் வேண்டும். ஒரு தொகையை உத்தேசமாக எழுதிச் சரிக்கட்ட முடியாது. கணிதமேதை ராமானுஜன் பெயரில் சென்னையில் கணித ஆய்வு நிறுவனம் தொடங்கியவரும் நம் வள்ளல் அழகப்பர்தான். அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகள் கூட்டலுக்குச் செயலியைத் தேடுகிறார்கள்.

புதிர் போனால் போகட்டும். என் கவலை வேறு. நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கும் பரீட்சைக்கே பிள்ளைகளைத் தயார் செய்கிறோம். 'எப்படி வந்தது?' என்று கேட்டால் முழிக்கிறார்கள். அந்தப் பிள்ளைதான் நாளைக்கு ஆயிரத்துக்கு மாதம் நூறு தருவதாகச் சொல்லும் சீட்டுக் கம்பெனியிடம் 'எப்படி வரும்?' என்று கேட்காமல் பணத்தைக் கட்டப்போகிறது. வாட்ஸ்ஆப்பில் வரும் எதையும் 'எப்படித் தெரியும்?' என்று கேட்காமல் பத்துப் பேருக்கு அனுப்பப்போகிறது.

"நேரம் வீண் சார்" என்கிறீர்கள். ரீல்ஸ் பார்க்கும் நேரத்துக்கும் இதே கணக்குப் போடுவீர்களா? ஜப்பானில் தெட்சுயா மியாமோட்டோ என்ற ஆசிரியர் தம் மாணவர்களுக்காகவே 2004-இல் கென்கென் என்ற எண் புதிரை உருவாக்கினார். கற்பிக்காமல் கற்பிப்பது அவர் கொள்கை. பிள்ளை திணறட்டும் என்று சும்மா இருக்கும் பொறுமை ஆசிரியருக்கு வேண்டும். பெற்றோருக்கு அதைவிட அதிகமாக வேண்டும்.

ஆகவே, பேரன் பேத்தி இருக்கும் வீட்டில் ஒரு பென்சிலும் அழிரப்பரும் வாங்கி வையுங்கள். பிள்ளை விடை சொன்னால் "சபாஷ்" என்பதற்கு முன் "ஏன்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லி அரைப் புதிர் முடித்த பிள்ளை, காரணம் தெரியாமல் முழுப் புதிர் முடித்த பிள்ளையைவிட ஒரு படி மேல்.

இன்றைய வீட்டுப்பாடம்: மூன்று கட்டம், கூட்டுத்தொகை 23. விடையை நானே சொல்லிவிடுகிறேன்: 6, 8, 9. வேறு எந்த மூன்று எண்ணும் வராது. ஏன் வராது? கீழே காரணம் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினால் இன்னும் மகிழ்ச்சி.