கட்டின பணத்தை மறந்தாதான் கணக்கு சரியா வரும்



"சார், நாலு வருஷம் பிரீமியம் கட்டிட்டேன். தொடரணுமா, சரண்டர் பண்ணணுமா?" எண்டோமென்ட் பாலிசி பத்தி எப்போ பேசினாலும் வர்ற முதல் கேள்வி இதுதான். இதுக்கு ரெண்டு ரெடிமேட் பதில் இருக்கு. வீட்ல பெரியவங்க சொல்றது: "இவ்வளவு கட்டியாச்சு, நடுவுல விட்டா நஷ்டம், கட்டி முடி." இன்டர்நெட்ல சொல்றது: "அது வேஸ்ட் பாலிசி, இன்னைக்கே சரண்டர் பண்ணு."

என்னைக் கேட்டா, ரெண்டு பதிலுமே ஒரே காரணத்தால தப்பு. முதல் பதில் போன பணத்தைப் பார்க்குது. ரெண்டாவது பதில் போன முடிவைப் பார்க்குது. இன்னையில இருந்து என்ன ஆகும்னு ரெண்டு பேரும் பார்க்கல. அதைப் பார்க்க பெரிய படிப்பு தேவையில்லை. நுண்ணியல் பொருளாதாரத்துல, அதாவது மைக்ரோ எகனாமிக்ஸ்ல, ஆரம்பத்துல சொல்லித் தர்ற மூணு கருத்து போதும். முதல் வருஷம் எகனாமிக்ஸ் படிக்கிற தம்பி தங்கைகள் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணிட்டு, வீட்டுக் கணக்குல மறந்துடாதீங்க.

மூணு கருத்து

முதலாவது, மூழ்கிய செலவு. நீங்க என்ன முடிவெடுத்தாலும் திரும்பி வராத பணம் இது. திரும்பி வராததால, அடுத்த முடிவுல அதுக்கு இடம் கிடையாது. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கின கான்கார்ட் விமானம்தான் இதுக்குப் பாடப்புத்தக உதாரணம். லாபம் வராதுன்னு தெரிஞ்ச பிறகும், செலவழிச்ச பணம் வீணாகக் கூடாதுன்னு மேல மேல செலவழிச்சாங்க. அதனாலேயே இந்தத் தப்பான யோசனைக்கு 'கான்கார்ட் தவறு'ன்னு ஒரு பேரும் உண்டு.

ரெண்டாவது, வாய்ப்புச் செலவு. ஒரு இடத்துல பணத்தைப் போட்டா, அதே பணம் அடுத்த சிறந்த இடத்துல எவ்வளவு தந்திருக்குமோ, அதுதான் அதோட உண்மையான விலை.

மூணாவது, இறுதிநிலைக் கணக்கு. மொத்தத்தைப் பார்க்காம, அடுத்து போடப் போற ஒரு ரூபாய்க்கு என்ன கிடைக்கும்னு பார்க்கிறது. "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன"ன்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி இருக்கு. ஆறுதலுக்கு நல்லா இருக்கும். பணக் கணக்குல அது ஆபத்து. அடுத்த ஒரு சாண் ஏறலாமா வேண்டாமாங்கிறதுதான் எப்பவுமே கேள்வி.

இப்போ கணக்கு

ஒரு உதாரண பாலிசி எடுத்துக்குவோம். 20 வருஷம், வருஷத்துக்கு ரூ.50,000 பிரீமியம், முடிவுல போனஸ் எல்லாம் சேர்த்து ரூ.18.4 லட்சம் வரும்னு வெச்சுக்குங்க. முதல் நாள்ல இருந்து பார்த்தா இது வருஷத்துக்குச் சுமார் 5.5% வருமானம். தனியா ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் ஏற்கெனவே இருக்குன்னும் வெச்சுக்குவோம்.

மாற்று வாய்ப்பா பி.பி.எஃப். வட்டி 7.1%, 2020 ஏப்ரல்ல குறைச்ச பிறகு அந்த அளவுலேயே நின்ன விகிதம். 5.5 பெருசா 7.1 பெருசான்னு கேட்டா குழந்தையும் சொல்லிடும். அதனால "வாங்காதே"ங்கிறது சரியான பதில். ஆனா நம்ம கேள்வி அது இல்லை. நாம ஏற்கெனவே வாங்கிட்டோம்.

ரெண்டு வருஷம் மட்டும் கட்டினவர் நிலையைப் பாருங்க. கட்டினது ரூ.1 லட்சம். 2019 விதிகள்படி, ரெண்டாவது வருஷத்துல உத்தரவாதமான குறைந்தபட்ச சரண்டர் மதிப்பு, கட்டின பிரீமியத்துல 30%. அதாவது கைக்கு வர்றது ரூ.30,000. அந்த 30,000-ஐயும், இனி கட்ட வேண்டிய 50,000-ஐயும் வருஷா வருஷம் பி.பி.எஃப்.ல போட்டா, 18 வருஷத்துல சுமார் ரூ.19.4 லட்சம். பாலிசியைத் தொடர்ந்தா ரூ.18.4 லட்சம். சரண்டர் பண்றது ஒரு லட்சம் லாபம். போன எழுபதாயிரத்தை நினைச்சு இவர் தொடர்ந்தா, அதுக்கு மேல இன்னொரு லட்சத்தையும் இழக்கிறார்.

அதே பாலிசியில நாலு வருஷம் கட்டினவர்? கட்டினது ரூ.2 லட்சம். நாலாவது வருஷத்துல இருந்து குறைந்தபட்ச சரண்டர் மதிப்பு 50%, அதாவது ரூ.1 லட்சம். இந்த ஒரு லட்சமும், மீதி 16 பிரீமியமும் பி.பி.எஃப்.க்குப் போனா சுமார் ரூ.18.06 லட்சம். பாலிசியைத் தொடர்ந்தா ரூ.18.4 லட்சம். இவர் தொடர்றதுதான் நல்லது!

எப்படி? பாலிசி மாறல, பி.பி.எஃப். மாறல. ஆனா இவர் இன்னைக்குப் பாலிசிக்குள்ள விட்டு வைக்கிற பணம் ரெண்டு லட்சம் இல்லை, ஒரு லட்சம்தான். வெளியே வந்தா கையில கிடைக்கிறது அவ்வளவுதானே. அந்த ஒரு லட்சத்துக்கும் இனி கட்டப் போற பிரீமியத்துக்கும் பார்த்தா, பாலிசி தர்ற வருமானம் சுமார் 7.3%. ரெண்டு வருஷம் கட்டினவருக்கு அது 6.6%. முதல் நாள்ல 5.5%. மோசமா வாங்கின ஒரு பொருள், நடுவழியில தொடரத் தகுந்த பொருளா மாறலாம்.

ஆக, "கட்டியாச்சு, அதனால தொடரு"ன்னு சொன்னவர் ரெண்டாவது ஆளுக்கு அதிர்ஷ்டத்தால சரியாச் சொன்னார். "வேஸ்ட் பாலிசி, விட்டுடு"ன்னு சொன்னவர் முதல் ஆளுக்கு அதிர்ஷ்டத்தால சரியாச் சொன்னார். உங்க பணத்தை அதிர்ஷ்டத்துக்கு விடாதீங்க.

கவனிக்க வேண்டியது

சிலர் மாற்று வாய்ப்பா 12% மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி.யைப் போட்டுக் காட்டுவாங்க. அப்படிப் போட்டா ரெண்டு பேருக்குமே சரண்டர்தான் ஜெயிக்கும். ஆனா அந்த 12% யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை. ரிஸ்க் எடுக்கத் தயார்னா தாராளமா ஒப்பிடுங்க. ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாதவர், தன்னால தாங்க முடிஞ்சதோடதான் ஒப்பிடணும். வாய்ப்புச் செலவுன்னா உங்களுக்கு உண்மையிலேயே இருக்கிற வாய்ப்பு. எக்செல் ஷீட்ல இருக்கிற வாய்ப்பு இல்லை.

தனியா டேர்ம் இன்சூரன்ஸ் இல்லைன்னா, சரண்டர் பண்ணின பிறகு அதை வாங்க ஆகிற செலவையும் கணக்குல சேர்க்கணும். முதல் ஆளோட ஒரு லட்சம் லாபத்தை அதுவே பெருமளவு சாப்பிட்டுடலாம். முதல்ல டேர்ம் பாலிசி கைக்கு வரட்டும், அப்புறம் பழசை விடுங்க.

பிரீமியத்தை நிறுத்திட்டு, குறைஞ்ச தொகையோட பாலிசியை அப்படியே வெச்சிருக்கிற 'பெய்ட்-அப்' வழியும் இருக்கு. அதையும் ஒப்பிடுங்க. 2024 அக்டோபர்ல வந்த விதிகள்படி, புதுப் பாலிசிகள்ல ஒரு வருஷப் பிரீமியம் முழுசா கட்டி, அந்த வருஷம் முடிஞ்சாலே சரண்டர் மதிப்பு உண்டு. அதனால என் எண்ணை அப்படியே எடுத்துக்காதீங்க. உங்க கிளைக்குப் போய் மூணு எண்ணை எழுத்துல கேளுங்க: இன்னைக்கு சரண்டர் பண்ணா எவ்வளவு, பெய்ட்-அப் ஆக்கினா முடிவுல எவ்வளவு, தொடர்ந்தா முடிவுல எவ்வளவு. இதுல எத்தனை உத்தரவாதம், எத்தனை எதிர்பார்ப்புன்னும் கேளுங்க. "இதுவரைக்கும் எவ்வளவு கட்டினேன்"ங்கிற கேள்வி அந்தப் பட்டியல்ல இல்லைங்கிறதைக் கவனிங்க.

பாலிசிக்கு மட்டும் இல்லை

100 ரூபாய்க்கு வாங்கின ஷேர் 60-ல நிக்குது. "வாங்கின விலை வந்ததும் வித்துடுவேன்"னு காத்திருக்கீங்க. அந்த 100, வரிக் கணக்குக்கு மட்டும்தான் தேவை. கையில இன்னைக்கு 60 ரூபாய் ரொக்கமா இருந்தா இதே ஷேரை வாங்குவீங்களா? வாங்குவேன்னா வெச்சிருங்க. மாட்டேன்னா, எதுக்காகக் காத்திருக்கீங்க?

மூணாவது தடவையா ரிப்பேருக்குப் போற பழைய பைக்குக்கும் இதே கேள்விதான். போன தடவை எவ்வளவு செலவாச்சுங்கிறது மெக்கானிக்கோட நோட்டுல இருக்கட்டும். உங்க தலையில இருக்க வேண்டாம்.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. பீரோவுல இருக்கிற பாலிசி பத்திரத்தை எடுத்து, அந்த மூணு எண்ணையும் வாங்கி, ஒரு பேப்பர்ல எழுதுங்க. வீட்ல உக்காந்து பேசும்போது "இவ்வளவு கட்டிட்டோமே"ன்னு யாராவது ஆரம்பிச்சா, "சரி, இனிமே கட்டப் போறதைப் பேசலாம்"னு சொல்லுங்க.

(இது புரிதலுக்கான பதிவு மட்டுமே. முடிவெடுக்கும் முன் உங்க பாலிசியோட விதிமுறைகளைப் படிச்சுப் பாருங்க.)