விளம்பரம் தமிழில்! விவரம் ஆங்கிலத்தில்!

தின்பண்டம் விற்கிறவர் முன்பெல்லாம் தெருவில் கூவி விற்றார். "முறுக்கு, சுண்டல்!" என்று அவர் குரல் கேட்கும். வேண்டுமானால் வாங்குவோம். வேண்டாம் என்றால் பேசாமல் இருந்து விடுவோம். அவர் அடுத்த தெருவுக்குப் போய் விடுவார்.

இன்றைய வியாபாரி தெருவில் நிற்பது இல்லை. நம் வீட்டுக் கூடத்தில், டெலிவிஷன் பெட்டிக்குள் இருக்கிறார். கையில் உள்ள போனுக்குள்ளும் இருக்கிறார். அவர் கூவுவது இல்லை. கதை சொல்கிறார்.

என்ன கதை?

மழை பெய்கிறது. பிள்ளை நனைந்தபடி பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடி வருகிறான். அம்மா அவன் தலையைத் துவட்டி விடுகிறாள். ஆவி பறக்கும் கிண்ணம் ஒன்றை நீட்டுகிறாள். பிள்ளை சிரிக்கிறான். விளம்பரம் முடிந்து விட்டது!

கிண்ணத்தில் மைதா எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, உப்பு எவ்வளவு? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நாம் பார்த்தது தாயின் அன்பை. கடையில் வாங்கப்போவதோ ஒரு பாக்கெட்டை.

மனதுக்குத் தீனி

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பரீட்சையில் தேறினால் சாக்லேட். நண்பர்கள் கூடினால் கோலா. கிரிக்கெட் பார்த்தால் சிப்ஸ். மனம் சோர்ந்தால் ஐஸ்கிரீம். சந்தோஷம், துக்கம், சோம்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பண்டத்தைக் கம்பெனிக்காரர்கள் ஒதுக்கி வைத்து விட்டார்கள்!

பசிக்குச் சாப்பிட்டால், வயிறு நிறைந்ததும் கை நின்று விடும். கவலைக்குச் சாப்பிட்டால் கை எப்போது நிற்கும்?

இரவு 11 மணிக்குப் போன் 'டிங்' என்கிறது. "பசிக்கிறதா?" என்று ஒரு செய்தி. அதுவரை பசி இல்லாதவருக்கும் அப்போது பசி வந்து விடுகிறது.

இது வெறும் பேச்சு அல்ல. 2009-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதனை செய்து பார்த்தார்கள். குழந்தைகளுக்குக் கார்ட்டூன் படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினர் பார்த்த படத்தின் நடுவே தின்பண்ட விளம்பரம் வந்தது. மற்றவர்கள் பார்த்ததில் வேறு விளம்பரம் வந்தது. எல்லோர் பக்கத்திலும் பிஸ்கட் இருந்தது. தின்பண்ட விளம்பரம் பார்த்த குழந்தைகள் 45 சதவீதம் அதிகமாகத் தின்றார்கள். இத்தனைக்கும், விளம்பரத்தில் வந்த பண்டம் வேறு, அவர்கள் தின்ற பண்டம் வேறு!

2007-ல் இன்னொரு சோதனை. 3 முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு ஒரே காரட்டை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று வெறும் காகிதத்தில். இன்னொன்று மெக்டொனால்ட்ஸ் காகிதத்தில். அந்தப் பெயர் போட்ட காகிதத்தில் வந்த காரட்தான் ருசி என்று சொன்ன குழந்தைகளே அதிகம். காரட் என்னவோ ஒன்றுதான். ருசி காகிதத்தில் இருந்தது!

பெரிய எழுத்து, சின்ன எழுத்து

இப்போது கடையில் விற்கும் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுங்கள்.

முன் பக்கத்தில் பழம், பால், கோதுமைக் கதிர், சிரிக்கும் குழந்தை. பெரிய பெரிய எழுத்துக்கள். பின் பக்கத்தைத் திருப்புங்கள். எறும்பு ஊர்வது போலச் சின்ன எழுத்து. உள்ளே என்ன இருக்கிறது என்கிற உண்மை அங்கேதான் இருக்கிறது.

அது எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்தில்!

2020-ம் ஆண்டின் மத்திய அரசாங்க விதிப்படி, உணவுப் பாக்கெட்டில் போட வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருந்தால் போதும். மற்ற மொழிகளையும் சேர்த்துப் போடலாம். ஆனால் கட்டாயம் இல்லை.

விற்க வரும்போது கம்பெனிக்காரர்களுக்கு நல்ல தமிழ் வருகிறது. பாட்டுப் பாடுகிறார்கள். "அம்மா" என்று உருகுகிறார்கள். சர்க்கரை எவ்வளவு என்று சொல்லும்போது மட்டும் தமிழ் மறந்து விடுகிறது!

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற ஒரு தாய்க்கு விளம்பரம் புரிகிறது. விவரம் புரிவது இல்லை. அது அவள் குற்றமா?

பெயரில் ஒரு மயக்கம்

பாலில் கலந்து கொடுக்கும் பொடிகளை 'ஆரோக்கிய பானம்' என்று பல ஆண்டுகள் நம்பினோம். பிள்ளை வளர வேண்டுமே என்று கடன் வாங்கியாவது டப்பா வாங்கிய தாய்மார்கள் உண்டு.

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. போர்ன்விட்டா உட்பட எந்தப் பானத்தையும் 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின் கீழ் ஆன்லைன் கடைகளில் விற்கக்கூடாது என்று சொன்னது. காரணம் என்ன தெரியுமா? உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது!

அடுத்து வந்தது 'ஓ.ஆர்.எஸ்.' விவகாரம். வயிற்றுப்போக்கு வந்தால் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் பெயர் அது. உயிர் காக்கும் மருந்து. இந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு, சர்க்கரை மிகுந்த இனிப்புப் பானங்களும் கடைகளில் விற்கப்பட்டன. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு அதிகச் சர்க்கரை கொடுத்தால் நோய் கூடும். ஐதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில்தான், மருந்துக் கரைசலாக இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

ஒரு பெயரை எடுக்கவே இத்தனை ஆண்டுகள்!

நம் வீட்டுக் கணக்கு

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். ஆண்களில் 100-க்கு 37 பேர். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இதற்கு விளம்பரம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. நடை குறைந்து விட்டது. உட்கார்ந்து செய்யும் வேலை பெருகி விட்டது. ஆனால், ஏற்கனவே ஏறும் எடைக்கு மேலே தினம் ஒரு பாக்கெட்டை விளம்பரம் ஏற்றி வைக்கிறது.

சிலி நாடு செய்த வேலை

தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. 2016-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு அல்லது கலோரி அதிகமாக இருந்தால், பாக்கெட்டின் முன் பக்கத்தில் கறுப்பு நிறத்தில் எட்டுக்கோண முத்திரை போட வேண்டும். அதில் 'அதிகம்' என்று எழுதியிருக்கும். முத்திரை விழுந்த பண்டத்தின் பாக்கெட்டில் கார்ட்டூன் பொம்மை போடக்கூடாது. பள்ளிக்கூடத்தில் விற்கவும் கூடாது.

படிக்கத் தெரியாத பாட்டியும் கறுப்பு முத்திரையைக் கண்டு கொள்வாள்! எத்தனை முத்திரை என்று குழந்தையும் எண்ணிச் சொல்லும்.

பலன் என்ன? சட்டம் வந்த முதல் ஒன்றரை ஆண்டில், சர்க்கரைப் பானங்கள் வாங்குவது ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது. 2020-ல் மெக்சிகோவும் இதே வழியில் இறங்கியது. இங்கிலாந்தில் 2026 ஜனவரியில் இருந்து, இத்தகைய உணவு விளம்பரங்கள் இரவு 9 மணிக்கு முன் டெலிவிஷனில் வரக்கூடாது.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. சிப்ஸ், சோடா பானம் போன்றவற்றைக் குழந்தைகள் நிகழ்ச்சியின்போது விளம்பரம் செய்யக்கூடாது என்று 2022-ல் விதி வந்தது. ஆனால் நம் பிள்ளைகள் பார்ப்பது குழந்தைகள் நிகழ்ச்சி மட்டுமா? பாட்டியோடு சீரியல் பார்க்கிறார்கள். அப்பாவோடு கிரிக்கெட் பார்க்கிறார்கள். அங்கே இந்த விதி எட்டிப் பார்ப்பது இல்லை.

முன் பக்க எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திரம் போடலாம் என்று 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு யோசனை சொன்னது. டாக்டர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்த யோசனைப்படி, மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் கிடைக்கும். நட்சத்திரம் என்றால் நம் மக்களுக்குப் பாராட்டு. அது எச்சரிக்கை ஆகுமா? விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. முன் பக்க முத்திரை பற்றி மூன்று மாதத்தில் பரிந்துரை தர வேண்டும் என்று 2025 ஏப்ரலில் நீதிபதிகள் கெடு விதித்தார்கள்.

நீங்கள் செய்யக் கூடியது

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று: பாக்கெட்டைத் திருப்புங்கள். பள்ளிக்கூடம் போகும் மகனிடமோ மகளிடமோ கொடுத்துப் பின் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கற்ற ஆங்கிலம் வீட்டுக்குப் பயன்படட்டும்.

இரண்டு: சேர்ந்த பொருள்களின் பட்டியலில் முதலில் எது வருகிறது என்று கேளுங்கள். எடை அதிகம் உள்ள பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதல் மூன்றில் சர்க்கரையோ, மைதாவோ, பாமாயிலோ இருந்தால், முன் பக்கத்துப் பழத்தின் படத்தை மறந்து விடுங்கள். சர்க்கரை 'சிரப்', 'குளுக்கோஸ்' என்று வேறு பெயர்களிலும் ஒளிந்திருக்கும்.

மூன்று: சர்க்கரை கிராமை 4-ஆல் வகுங்கள். அதுதான் டீஸ்பூன் கணக்கு. வழக்கமான கோலா 250 மில்லியில் சுமார் 26 கிராம் சர்க்கரை. அதாவது ஆறு ஸ்பூனுக்கு மேல்! பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு புட்டியிலேயே ஒரு நாள் கணக்கு முடிந்தது.

காப்பியில் ஆறு ஸ்பூன் சர்க்கரை போட்டு எந்தத் தாயாவது பிள்ளைக்குக் கொடுப்பாளா? புட்டியில் அடைத்து, மேலே ஒரு நடிகர் படத்தை ஒட்டினால் மட்டும் கொடுக்கிறோம்.

மழை நாளில் சுண்டல் இல்லையா? வேர்க்கடலை இல்லையா? வெயிலில் மோர் இல்லையா? இவற்றுக்கு டெலிவிஷனில் விளம்பரம் வருவது இல்லை. அவித்த கடலையை யாரும் விற்கலாம். அதில் கோடி கோடியாகச் சம்பாதிக்க ஆள் இல்லை. ஆகவே அதற்காகப் பாட்டுப் பாடவும் ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் விற்கிற பண்டத்தின் விவரம் தமிழில் இருக்க வேண்டும். அதுவும் முன் பக்கத்தில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். நம் காசை வாங்கிக் கொள்கிறவர்களிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். இது சலுகை அல்ல, உரிமை!