எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு



இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை நீக்கி, எஞ்சியதை ஒடுங்கிய குழாயாக்கும் 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சை, பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பையும் குறைப்பதால் முதல் ஆண்டில் எடை விரைந்து இறங்குகிறது. எனினும் ஈராண்டுகளுக்குப் பின் பலருக்கு அது ஓரளவு திரும்புவதை விளம்பரங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சுருங்கிய இரைப்பை இரண்டு இட்லிக்கு மேல் ஏற்காவிட்டாலும், பாதாம் பாலும் பழச்சாறும் தடையின்றி இறங்கிக் கலோரியைச் சேர்த்துவிடுகின்றன, மிக்சரும் அப்படித்தான். நாள்தோறும் குறைந்தது 60 கிராம் புரதம் கிடைக்குமாறு முட்டை, மீன், பருப்பு, சுண்டலை முதலில் உண்டு சோற்றைப் பின்னுக்குத் தள்ளுவதும், கொழுப்போடு சேர்ந்து கரையும் தசையைக் காக்க நடைப்பயிற்சியோடு எடை தூக்கும் பயிற்சியையும் மேற்கொள்வதும், மருத்துவர் தரும் பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் தொடர்வதும் இன்றியமையாதவை. அறுவைக்கு முன்பே இவற்றை நோயாளிக்கும், வீட்டில் சமைப்பவருக்கும் உணவியலாளர் விளக்குவதை மருத்துவமனைகள் கட்டாயமாக்க வேண்டும்.

– வாசகர், மதுரை