ஜாமீன் கிடைச்சும் கம்பி எண்ணும் பெண்கள்: கையெழுத்து போட ஆள் இல்லை!

புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை. தமிழகத்தில் பெண்களுக்கு தனிச்சிறை உள்ள ஊர்கள் இவை.

புருஷன் ஜெயிலுக்கு போனால் பெண்டாட்டி மனு போட்டு பார்க்க வாசலில் காத்துக் கிடப்பாள். பெண்டாட்டி உள்ளே போனால்? பல வீடுகளில் அன்றோடு தலைமுழுகி விடுகிறார்கள்.

நாடு முழுக்க 2015-ல் சிறையில் இருந்த பெண்கள் 17 ஆயிரத்து 834 பேர். 2022 டிசம்பர் கடைசியில் 23 ஆயிரத்து 772 பேர். ஆனாலும் மொத்த கைதிகளில் நூற்றுக்கு நாலு பேர்தான். அதனாலேயே யாரும் கண்டுக்கிறது இல்லை.

கைதிகளில் நாலில் மூணு பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். கோர்ட்டு 'இருநபர் ஜாமீன்' கொடுத்தால் ரெண்டு பேர் வந்து கையெழுத்து போடணும். கட்டின புருஷனே வராதபோது பக்கத்து வீட்டுக்காரரா வருவார்?

ஜாமீன் கிடைத்தும் 7 நாளில் வெளியே வராதவர்கள் விவரத்தை ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு தெரிவிக்கணும். ஒரு மாசம் ஆனால் நிபந்தனையை தளர்த்த கோர்ட்டே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. உள்ளே இருக்கும் பெண்ணுக்கு இது தெரியணுமே!

தாயோடு சிறையில் இருக்கும் குழந்தையை 6 வயசு ஆனதும் வெளியே அனுப்பி விடுவார்கள். எங்கே? கையெழுத்துக்கே வராத அந்த வீட்டுக்கு. இல்லாவிட்டால் காப்பகத்துக்கு.