சாஃப்டி மெஷின் வாங்கப் போறீங்களா? செலவை 'சேமிப்பு'ன்னு எழுதாதீங்க



போன டிசம்பர்ல கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். கிச்சன் மேடையில வெச்சு சாஃப்டி ஐஸ்கிரீம் போடுற மெஷின். விலை 24,000 ரூபாய். கீழே பச்சை எழுத்துல "நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 2,000 மட்டும், 12 மாசம்".

கூடவே வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, வீட்டுல நாங்க நாலு பேர். வாரம் ரெண்டு தடவை வெளியில சாஃப்டி சாப்பிட்டா, ஒண்ணு 35 ரூபாய்னு வாரத்துக்கு 280 ஆகுது. மாசத்துக்கு 1,200. மெஷின் வாங்கிட்டா அவ்வளவும் மிச்சம்தானே? இது ஒரு இன்வெஸ்ட்மென்ட் மாதிரிதானே அண்ணா?"

இன்வெஸ்ட்மென்ட்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் எனக்குள்ள இருக்கிற ஆடிட்டர் முழிச்சுக்கிட்டார். உடனே பேப்பரை எடுத்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை முதல்ல பார்த்துடுங்க. அதுல நான் எங்க கோட்டை விட்டேன்னு அப்புறம் சொல்றேன்.

ஒரு தடவை போடுற அளவு இது: ஆவின் ஆரஞ்சு பாக்கெட் அரை லிட்டர் 30 ரூபாய். ஃப்ரெஷ் கிரீம் 100 மில்லி 35 ரூபாய். சர்க்கரை 100 கிராம் 5 ரூபாய். பால் பவுடர் 50 கிராம் 25 ரூபாய். எட்டு கோன் 40 ரூபாய். எசன்ஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு 5 ரூபாய். மொத்தம் 140 ரூபாய், எட்டு சாஃப்டி வரும். அப்போ ஒண்ணுக்கு 17 ரூபாய் 50 பைசா. கிரீம், கோன் விலை ஊருக்கு ஊர் மாறும், உங்க கடை விலையைப் போட்டுக்கோங்க.

கரண்ட்டைப் பத்தி நிறைய பேர் பயப்படுறாங்க, அது தேவையில்ல. 200 வாட் மெஷின் ஒரு மணி நேரம் ஓடினா 0.2 யூனிட்தான். பில்லுல தெரியவே தெரியாது.

வெளியில 35, வீட்டுல 17.50. ஒரு கோனுக்கு மிச்சம் 17.50. 24,000-ஐ 17.50-ஆல வகுத்தா 1,371 கோன். வாரம் எட்டு கோன்னா 171 வாரம். அதாவது மூணு வருஷம் மூணு மாசம் கழிச்சுதான் போட்ட காசே திரும்ப வரும். அதுவரைக்கும் மெஷின் ரிப்பேர் ஆகக் கூடாது, ஒரு வாரம் கூட சலிப்பு வரக் கூடாது.

இந்தக் கணக்கு கூட மெஷினுக்குச் சாதகமாப் போட்டதுதான். ஐஸ்கிரீம்ல பாதிக்குப் பாதி காத்துன்னு சொன்னா நம்புவீங்களா? ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைஞ்சது 525 கிராம் எடை இருந்தா போதும்னுதான் நம்ம உணவுப் பாதுகாப்பு விதியே சொல்லுது. கடையில இருக்கிற பெரிய மெஷின் பாலோட காத்தையும் நல்லா சேர்த்து அடிக்கும், கோன் கோபுரம் மாதிரி எழும்பும். வீட்டு மெஷின்ல காத்து கம்மியாத்தான் ஏறும். அதே உயரத்துக்குக் கோன் வரணும்னா பால் கூடுதலாப் போகும்.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து ஐஸ்கிரீம் மேல ஜிஎஸ்டி 18 சதவீதத்துலேர்ந்து 5 ஆயிடுச்சு. அதனால கடையில விக்கிற ஃபேமிலி பேக் மேல இருந்த வரி குறைஞ்சுடுச்சு. மெஷினுக்கு இன்னும் 18 சதவீதம்தான். வீட்டுல செஞ்சா லாபம்ங்கிற வாதம் அந்தப் பக்கமும் கொஞ்சம் பலவீனமாயிடுச்சு.

அடுத்து அந்த நோ காஸ்ட் இஎம்ஐ. 15 சதவீத வட்டின்னு வெச்சுக்கோங்க. மாசம் 2,000 வீதம் 12 மாசம் கட்டினா, அதுல அசல் 22,159, வட்டி 1,841. இந்த வட்டியைக் கடைக்காரரோ கம்பெனியோ தள்ளுபடின்னு முன்னாடியே கழிச்சுடுறாங்க, அதனால உங்களுக்கு அது கண்ணுல படாது. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, 331 ரூபாய், உங்க கார்டு பில்லுல வரும். பிராசசிங் ஃபீஸ் 199-னா வரியோட 235. ஆக காஸ்ட் இல்லாத இஎம்ஐயோட காஸ்ட் 566 ரூபாய். பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்கு எழுதிடுச்சு. வார்த்தை மட்டும் இன்னும் சாகல.

இதையெல்லாம் அனுப்பி, "வேண்டாம் தம்பி"ன்னு முடிச்சேன். நல்ல காரியம் பண்ணிட்டோம்னு ஒரு நினைப்பு.

ஆனா ரெண்டு நாள் கழிச்சு ஒரு விஷயம் உறுத்துச்சு. அவர் கொடுத்த முதல் எண்ணையே நான் கேள்வி கேக்கல. போன் பண்ணிக் கேட்டேன்: "தம்பி, நீங்க இப்ப நிஜமாவே வாரம் ரெண்டு தடவை நாலு பேரா போய் சாஃப்டி சாப்பிடுறீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "இல்லண்ணா. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இருக்கும்."

புரியுதா நண்பர்களே? அவர் மிச்சம் பிடிக்கப் போறேன்னு சொன்ன 1,200 ரூபாயை அவர் செலவே பண்ணல. செலவு பண்ணாத காசை எப்படி மிச்சம் பிடிக்கிறது? என் 171 வாரக் கணக்கு கூட இல்லாத ஒரு செலவு மேல கட்டின வீடு. அந்த மெஷின் வந்தா அவரோட மாசச் செலவு குறையாது. 2,000 இஎம்ஐ, அதோட பால், கிரீம், கோன்னு ஒரு 600. செலவு கூடத்தான் செய்யும்.

"அப்புறம் எதுக்கு தம்பி மெஷின்?"

அப்பதான் விஷயம் வந்துச்சு. சின்ன வயசுல அம்மா அவரைக் கும்மிடிப்பூண்டியிலேர்ந்து லோக்கல் ட்ரெயின்ல சென்னைக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். திரும்பி வரும்போது சென்ட்ரல் பக்கத்துல ஒரே ஒரு சாஃப்டி வாங்கி ரெண்டு பேரும் பாதிப் பாதி. இப்ப அம்மாவுக்கு மூட்டு வலி. ஸ்டேஷன் படி ஏற முடியல, வெளியிலயே வர்றதில்ல. பைக்ல வாங்கிட்டுப் போகலாம்னா, சாஃப்டியைப் பார்சல் பண்ண முடியாது.

அது உண்மை. சாஃப்டி மெஷின்லேர்ந்து வெளிய வரும்போது மைனஸ் 6 டிகிரி பக்கத்துலதான் இருக்கும். அதனாலதான் அவ்வளவு மெதுவா இருக்கு, பைபாஸ் ரோட்டுல பத்து நிமிஷம் போனா பாலாயிடும். வீட்டு ஃப்ரீசர்ல வெச்சா மைனஸ் 18-க்குப் போய் கல்லாயிடும். அது சாஃப்டியாவே இருக்கணும்னா போட்ட இடத்துலயே சாப்பிடணும். அம்மா மெஷின் கிட்ட போக முடியலன்னா, மெஷின் அம்மா கிட்ட வரணும்.

இதைக் கேட்டதுக்கு அப்புறம் என்னால "வேண்டாம்"னு சொல்ல முடியல. சொல்லவும் கூடாதுன்னு நினைக்கிறேன்.

நம்ம மாதிரி பர்சனல் ஃபைனான்ஸ் பேசுறவங்க மேல எனக்கே ஒரு வருத்தம் உண்டு. டீ குடிக்காதே, படம் பார்க்காதே, அந்தக் காசை எஸ்ஐபியில போடுன்னு சொல்லிச் சொல்லி, சந்தோஷத்துக்குக் காசு செலவு பண்றதையே குத்தமா ஆக்கி வெச்சுட்டோம். அதனால நம்ம பசங்க ஆசைப்பட்டதை ஆசைன்னு சொல்லக் கூச்சப்பட்டு, "சேமிப்பு"ன்னும் "இன்வெஸ்ட்மென்ட்"னும் பேரு வைக்கிறாங்க. பேரு மாறினதும் கட்டுப்பாடு போயிடுது. செலவுன்னா நாம எவ்வளவு தாங்கும்னு யோசிப்போம். இன்வெஸ்ட்மென்ட்னா கடன் வாங்கியாவது போடலாம்னு தோணும். 24,000 ரூபாய் மெஷினை விட ஆபத்தானது இந்தப் பேரு மாத்தம்.

சில பேர் இன்னும் ஒரு படி மேல போவாங்க: "ஞாயித்துக்கிழமை தெருவுல வித்தா காசாயிடும்." இன்வெஸ்ட்மென்ட்னா என்னன்னு பார்க்கணுமா? அருண் ஐஸ்கிரீம்ஸ் ஆரம்பிச்ச ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-ல ராயபுரத்துல 250 சதுர அடி வாடகை இடத்துல, 13,000 ரூபாயில குச்சி ஐஸ் போட ஆரம்பிச்சார். தள்ளுவண்டியில கொண்டு போய் வித்தார். அது முதலீடு, ஏன்னா சரக்கு தினமும் வெளிய போச்சு, காசு தினமும் உள்ள வந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு எட்டு கோன் போடுற வீட்டு மெஷின் அந்த வேலைக்குச் செஞ்சது இல்ல. விக்கணும்னா சின்ன அளவா இருந்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும். ஐஸ்கிரீம் தயாரிக்கிறவங்களுக்கு ஜிஎஸ்டியில காம்போசிஷன் திட்டமும் கிடையாது. மத்த சரக்குக்கு இருக்கிற 40 லட்சம் வரம்பு இவங்களுக்கு 20 லட்சம்தான். தொழில் பண்ற ஆசை இருந்தா தனியா வாங்க, பேசலாம். அம்மாவுக்கு வாங்குற மெஷின் மேல அந்தப் பாரத்தை ஏத்தாதீங்க.

சரி, தம்பி கதைக்கு வருவோம். கையில வர்ற சம்பளம் 27,000. ஏற்கனவே பைக் லோன், போன் இஎம்ஐ. காண்ட்ராக்ட் மார்ச்சோட முடியுது, நீட்டிப்பாங்களா இல்லையான்னு தெரியாது. சிப்காட்ல வேலை பார்க்கிற பாதிப் பேருக்கு இந்த "மார்ச்" என்னன்னு புரியும். இந்த நிலையில 12 மாச இஎம்ஐங்கிறது, இன்னும் கைக்கு வராத சம்பளத்தை முன்கூட்டியே வித்துடுறது. வேலை போனாலும் இஎம்ஐ போகாது. ஒரு மாசம் கார்டு பில் தவறினா வட்டி வருஷத்துக்கு 36 சதவீதத்துக்கு மேல கூட போகும், அதுக்கு மேல ஜிஎஸ்டி வேற.

அதனால நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தோம். முதல்ல நாலு ஞாயித்துக்கிழமை மெஷின் இல்லாம செஞ்சு பார்க்கணும். நல்லாப் பழுத்த மோரிஸ் பழத்தை நறுக்கி ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சு, காலையில கொஞ்சம் கிரீம் ஊத்தி மிக்ஸியில அடிச்சா கிட்டத்தட்ட சாஃப்டி பதத்துக்கு வரும். இது ருசிக்கு வெச்ச டெஸ்ட் இல்ல. ஷிப்ட் முடிஞ்சு வந்து செய்யவும், செஞ்சு முடிச்சுக் கழுவி வைக்கவும் மனசு இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட். பால் சம்பந்தப்பட்ட மெஷினை ஒவ்வொரு தடவையும் கழட்டிக் கழுவணும். பல வீட்டுல மெஷின் பரண் மேல ஏறுறது இந்த இடத்துலதான்.

ரெண்டாவது, கம்ப்ரஸர் உள்ள பெரிய மெஷின் வேண்டாம். கிண்ணத்தை முந்தின நாளே ஃப்ரீசர்ல வெச்சு எடுக்கிற மாடல் ஒண்ணு அவரே தேடிப் பிடிச்சார், 8,500 ரூபாய். வாரத்துக்கு ஒரு தடவை நாலு பேருக்குப் போட அது தாராளம். ஜனவரியிலேர்ந்து மாசம் 3,000 தனியா எடுத்து வெச்சா மார்ச் கடைசியில 9,000. வெயில் ஆரம்பிக்கும்போது ரொக்கமா வாங்கிடலாம். காண்ட்ராக்ட் என்ன ஆச்சுன்னும் அதுக்குள்ள தெரிஞ்சுடும். நீட்டிக்கலன்னா அந்த 9,000 அவர் கையில இருக்கும். இஎம்ஐ போட்டிருந்தா, மீதித் தவணைதான் கையில இருந்திருக்கும்.

போன வாரம் பேசினார். நாலுல மூணு ஞாயிறு செஞ்சிருக்கார், ஒரு ஞாயிறு ஓ.டி. "அம்மா சாப்பிட்டாங்களா?"ன்னு கேட்டேன். "சாப்பிட்டாங்கண்ணா. ஆனா வாழைப்பழ வாசனை அடிக்குதுடா, இது அது இல்லன்னு சொல்லிட்டாங்க." சிரிச்சுக்கிட்டே சொன்னார். மார்ச்ல வாங்கப் போறார். நானும் வாங்கச் சொல்லிட்டேன்.

செலவு நோட்டுல என்ன தலைப்புல எழுதறதுன்னு கேட்டார். "அம்மா - சந்தோஷச் செலவு"ன்னு எழுதச் சொன்னேன். அதுக்கு லாப நஷ்டக் கணக்கு வேண்டாம். தாங்குமாங்கிற கேள்வி மட்டும் போதும்.

உங்களுக்கும் ஒரு சின்ன வேலை. இன்னைக்கு ராத்திரி உங்க கார்டு ஸ்டேட்மென்ட்டைத் திறங்க. ஓடிக்கிட்டு இருக்கிற ஒவ்வொரு இஎம்ஐ பக்கத்துலயும், அதை வாங்கும்போது வீட்டுல என்ன காரணம் சொன்னீங்கன்னு எழுதுங்க. அதுக்குப் பக்கத்துல நிஜக் காரணத்தை எழுதுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா நிம்மதியாத் தூங்குங்க. வேற வேறயா இருந்தா, அடுத்ததுக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நிஜக் காரணத்தை யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. அந்தத் தம்பி மாதிரி.